கணக்கு நோட்டு யார் கையில்?

வைக்கோல் போர் பற்றி எரிகிறது. பக்கத்திலேயே கோதுமைப் போர்கள். வேலை தேடி ஊர் ஊராக அலையும் ஒருவன் வழியில் அதைக் கண்டு ஓடிவருகிறான். போரின்மேல் ஏறி, கூடியிருந்தவர்களை ஆளுக்கொரு வேலையாக ஏவி, தீயை அணைக்கிறான். கரி படிந்த முகமும் தீப்பொறி பொத்தலிட்ட உடையுமாக இறங்கி வருகிறான். குட்டைக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பண்ணை முதலாளியம்மாவிடம் தொப்பியைத் தூக்கி, ஆடு மேய்க்க ஆள் வேண்டுமா என்று கேட்கிறான். அவள் முகத்திரையை விலக்குகிறாள். கொஞ்ச காலத்துக்கு முன்பு அவன் பெண் கேட்டுப் போனபோது மாட்டேன் என்று சொன்ன அதே பெண். அன்றைக்கு அவனுக்குச் சொந்த மந்தை இருந்தது. அவள் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தாள். இன்றைக்கு இறந்துபோன உறவினரின் பண்ணை அவள் கைக்கு வந்திருக்கிறது; அவன் கூலிக்கு ஆள் தேடுகிறவனாகிவிட்டான்.

தாமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்' நாவலில் காதலர்கள் பிரிந்தபின் மறுபடி சந்திக்கும் இடம் இது. தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஹார்டி பழக்கமான பெயர். விதியின் கொடுமையை எழுதியவர் என்றே பெரும்பாலும் பாடம் நடத்தப்படுகிறது. இந்த நாவலில் அவர் செய்திருக்கும் இன்னொரு காரியம் அந்தப் பாடத்தில் அடிபட்டுப் போகிறது. பிரிந்த காதல் திரும்பி வருவது ஒன்று, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் தொழில் நடத்துவது இன்னொன்று. இந்த இரண்டு கதைகளையும் ஒரே கயிறாக அவர் முறுக்கப் பார்த்தார்.

இன்று வெகுஜன நாவல்களில் இந்தச் சேர்மானம் ஏராளம். பல வருடம் முன்பு பிரிந்தவன் அவள் வேலைசெய்யும் இடத்துக்கே மேலதிகாரியாக வந்து சேர்வான். அல்லது அவள் மேலதிகாரி, அவன் புதிதாகச் சேர்ந்தவன். இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றின் பலவீனம் ஒன்றேதான்: அலுவலகம் வெறும் திரைச்சீலை. அவள் என்ன வேலை செய்கிறாள், அதில் எங்கே திணறுகிறாள், எதில் கெட்டிக்காரி என்பது வாசகருக்குத் தெரியாது. காதல் கூடியதும் அந்த வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே இவ்வகைக் கதையை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பிரிந்திருந்த காலம் இருவரில் யாரை மாற்றியது? காதல் திரும்பியபின் தொழிலின் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது?

ஹார்டி முதல் கேள்விக்கு அரைகுறையாகவும், இரண்டாவதற்குச் சங்கடம் தரும் வகையிலும் பதில் சொல்கிறார். ஆனாலும், வேலையைக் காதலின் மொழியாக்கியதில் அவரை மிஞ்சியவர்கள் குறைவு.

கேப்ரியல் ஓக் முதலில் பெண் கேட்கும் காட்சியையே பார்க்கலாம். அவனுக்கு வயது 28. கடனில் வாங்கிய 200 ஆடுகளோடு நார்கோம் குன்றில் சொந்தக் காலில் நிற்க முயல்கிறவன். பாத்ஷீபா எவர்டீனிடம் பியானோ, குதிரை வண்டி, தோட்டத்தில் வெள்ளரி, கணப்புக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருக்கும் மாலைகள் என்று அடுக்குகிறான். எல்லாம் நல்ல மனதோடு சொன்னவை. ஆனால் அவை ஒரு வீட்டுக்குள் அவள் பெறப்போகும் சௌகரியங்கள் மட்டுமே. அவளுக்கு அவன்மேல் காதல் இல்லை. தன்னை அடக்கக்கூடிய ஒருவன்தான் தனக்கு வேண்டும், அது அவனால் முடியாது என்றும் அவளே சொல்லிவிடுகிறாள். நாவலின் பிற்பாதி முழுக்க இந்தச் சொல்லின் நிழல் விழுகிறது.

பிறகு அனுபவமில்லாத இளம் காவல் நாய் ஒன்று மந்தையை விரட்டிக்கொண்டே போய்ச் சுண்ணாம்புக் குழியின் விளிம்பிலிருந்து கீழே தள்ளிவிடுகிறது. ஒரே இரவில் ஓக் ஓட்டாண்டி. ஆடுகளுக்குக் காப்பீடும் இல்லை. அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து வரும் ஒரே வாக்கியம், நல்லவேளை அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்பது. அவன் குணத்தை இந்த ஓரிடம் காட்டும் அளவுக்கு வேறெந்த வருணனையும் காட்டவில்லை.

பாத்ஷீபா முதலாளியாவது இதைவிட விறுவிறுப்பானது. அந்தக் கால இங்கிலாந்தில் விதவைகளும் மகள்களும் பண்ணையை ஏற்று நடத்துவது கேள்விப்படாத விஷயம் அல்ல. இளம்பெண் ஒருத்தி, காரியஸ்தர் இல்லாமலே நடத்துகிறேன் என்பதுதான் வெதர்பரி ஊருக்குப் புதிது. பழைய காரியஸ்தன் பென்னிவேஸ் அரை மரக்கால் பார்லியைத் திருடிக்கொண்டு களஞ்சியப் படியிறங்கும்போது அவளே கையும் களவுமாகப் பிடித்து வேலையைவிட்டு அனுப்புகிறாள். மறுநாள் கூலிப் பட்டுவாடா. நீள மேசை, வருகைப் பதிவேடு, பணம் நிறைந்த கித்தான் பை. ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, பெயர் என்ன, என்ன வேலை, எவ்வளவு பாக்கி என்று கேட்டுக் காசை எண்ணிக் கொடுக்கிறாள். கூச்ச சுபாவக்காரனான ஜோசஃப் பூர்கிராஸ் அவளை வாய் தவறி 'ஐயா' என்று அழைத்துவிட்டு உடனே 'அம்மா' என்று திருத்திக்கொள்கிறான். முதலாளி என்றாலே ஆண் என்று பழகிய நாக்கு அது. கடைசியில் எழுந்து, நீங்கள் கண்விழிக்கும் முன் நான் எழுந்திருப்பேன், உங்களையெல்லாம் திகைக்க வைப்பேன் என்ற பொருளில் ஒரு சின்ன உரையும் ஆற்றுகிறாள். அதில் இளம் வயதின் பெருமிதம் இருக்கிறது. அதற்குப் பின்னால் சொன்னதைச் செய்யும் உழைப்பும் இருக்கிறது.

காஸ்டர்பிரிட்ஜ் தானியச் சந்தை இன்னும் கூர்மையான காட்சி. கூடம் முழுக்கத் தடித்த உடம்பும் தடித்த குரலுமாக ஆண்கள். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். மாதிரிப் பையிலிருந்து தானியத்தை உள்ளங்கையில் கொட்டி, கையை நீட்டிக் காட்டுகிறாள். விற்கும்போது தன் விலையிலிருந்து இறங்குவதில்லை. வாங்கும்போது எதிராளியின் விலையை விடாப்பிடியாக அடித்துக் குறைக்கிறாள். ஆண்கள் முதலில் அழகைப் பார்க்கிறார்கள், பிறகு பேரத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பிடிவாதக்காரி என்று முணுமுணுக்கிறார்கள். வேலையிடத்தில் ஒரு பெண் கடக்கும் மூன்று கட்டங்களையும் ஹார்டி சில பக்கங்களில் வரிசை மாறாமல் பிடித்துவிட்டார்.

ஆனால் அதே அத்தியாயத்தின் முடிவில் நூல் அறுகிறது. கூடத்தில் அவளை ஏறெடுத்தும் பார்க்காத ஒரே ஆள் பக்கத்துப் பண்ணைக்காரர் போல்ட்வுட். அந்த அலட்சியம் அவளை உறுத்துகிறது. விளையாட்டாக ஒரு காதலர் தின வாழ்த்தட்டையை அவருக்கு அனுப்புகிறாள். அந்த மனிதரின் வாழ்க்கையே குலைகிறது. நல்ல விலைக்குக் கோதுமை விற்றுவிட்டு வந்தவளின் மனதில் அன்று மிஞ்சியது இந்த ஏமாற்றம் மட்டுமா? ஹார்டி வியாபாரியை உருவாக்கிய கையாலேயே அவளைத் தற்பெருமைக்காரியாகச் சுருக்குகிறார். அவள் தவறு செய்யட்டும். நாயகி தவறு செய்வது கதைக்கு நல்லதுதான். ஆனால் அவள் செய்யும் பெரிய தவறுகள் எல்லாமே ஆண்களின் கவனத்தைச் சுற்றியவை. பயிரிலோ விலையிலோ கூலிக்கணக்கிலோ அவள் பெரிதாகச் சறுக்கி, அதிலிருந்து கற்றுக்கொண்டதாக ஓர் இடமும் இல்லை. அவளைத் தொழில்காரியாக நம்ப வைக்க அப்படிப்பட்ட ஒரு சறுக்கல் தேவைப்பட்டது.

போல்ட்வுட் விஷயத்தில் நீ செய்தது சரியில்லை என்று ஓக் முகத்துக்கு நேரே சொல்கிறான். அவள் அவனை வேலையைவிட்டு நீக்குகிறாள். மறுநாளே ஆடுகள் வேலியை உடைத்து இளம் குளோவர் தீவனத்தில் புகுந்து மேய்கின்றன. வயிறு உப்பி ஒவ்வொன்றாக விழுகின்றன. உப்பிய வயிற்றில் சரியான இடத்தில் துளையிட்டு வாயுவை வெளியேற்றத் தெரிந்த ஒரே ஆள் ஓக். முதலில் உத்தரவாகச் சொல்லியனுப்புகிறாள், அவன் வரவில்லை. மரியாதையாகக் கேட்டால் வருகிறேன் என்று பதில் வருகிறது. கோபத்திலும் அழுகையிலும் ஒரு கடிதம் எழுதி, கடைசியில் என்னைக் கைவிட்டுவிடாதே என்று ஒரு வரி சேர்க்கிறாள். அவன் வருகிறான். ஒவ்வோர் ஆட்டின் இடது விலாப்பக்கத்தையும் விரலால் தடவி, இடம் பார்த்து, உள்ளே கூர்முனை செருகிய சிறு குழாயை இறக்கி, கூர்முனையை மட்டும் உருவுகிறான். குழாய் வழியே வாயு சீறி வெளியேறுகிறது. மொத்தம் 57 ஆடுகள். 49 அவன் கையால் பிழைத்தன. ஒன்றில் குறி தவறி அது இறந்தது. நான்கு அவன் வரும் முன்பே இறந்துவிட்டன. மூன்று தாமாகவே தேறின.

இந்தக் கணக்கை ஹார்டி ஒவ்வொன்றாக எழுதுகிறார். காதல் நாவலில் இதற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நாவலின் பலமே இதில்தான் இருக்கிறது. அவள் அவனிடம் கேட்டது மன்னிப்போ காதலோ அல்ல, தொழில் திறமை. அவன் கேட்டது கேட்கும் முறையில் மரியாதை. முதலாளிக்கும் கூலிக்காரனுக்கும் நடுவே இருந்த மேடு பள்ளம் ஒரு பகலில் கொஞ்சம் சமமாகிறது. அது நடந்தது வரவேற்பறைப் பேச்சில் அல்ல, உப்பிய வயிறுகளோடு ஆடுகள் கிடக்கும் வயலில்.

இதன் உச்சம் புயல் இரவு. அதற்குள் பாத்ஷீபா சார்ஜன்ட் ட்ராய் என்ற பகட்டான சிப்பாயை பாத் நகரில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். அறுவடை விருந்தில் ட்ராய் பெண்களையும் குழந்தைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆட்களுக்கு பிராந்தி ஊற்றிக் கொடுக்கிறான். வழியில் குறுக்கிடும் தேரை, வீட்டுக்குள் ஏறிய நத்தை, கூரையிலிருந்து இறங்கும் சிலந்தி, ஒரே பக்கம் வாலைத் திருப்பி நெருக்கியடித்து நிற்கும் ஆடுகள் ஆகியவற்றைப் பார்த்து, புயல் வருகிறது என்று ஓக் கணிக்கிறான். மழை வராது என்று முதலாளியின் கணவன் சொல்லியனுப்புகிறான். களத்தில் எட்டுப் போர்கள் மூடப்படாமல் நிற்கின்றன: கோதுமை ஐந்து, பார்லி மூன்று. ஓக் மனதுக்குள் விலை போடுகிறான்: 750 பவுன். எல்லா ஆட்களும் குடித்து மயங்கிக் கிடக்க, அவன் தனியே ஏறிப் போர்களை வேய ஆரம்பிக்கிறான். மின்னல் வெளிச்சத்தில் பாத்ஷீபா வருகிறாள். கதிர்க்கட்டுகளைச் சுமந்து ஏணியேறி எடுத்துக் கொடுக்கிறாள். அந்த உயரத்தில், அந்த வேலைக்கு நடுவே, தான் ஏன் ட்ராயைக் கட்டிக்கொண்டேன் என்பதை அவனிடம் சொல்கிறாள். வேறு எவரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

நாவலின் முடிவருகே ஹார்டி இதற்கு ஒரு விளக்கமும் தருகிறார். ஆணும் பெண்ணும் வழக்கமாகப் பழகுவது பொழுதுபோக்கில்தான், உழைப்பில் அல்ல. அதனால்தான் காதலோடு தோழமை சேர்வது அரிதாக இருக்கிறது என்பது அவர் கருத்து. 1874இல் ஒரு மாத இதழ் வாசகருக்குச் சொல்லப்பட்ட கருத்து இது என்பதை நினைத்தால், எவ்வளவு தூரம் முன்னே போய் நின்றிருக்கிறார் என்பது புரியும். பெண்ணை வேலையிடத்துக்கு வெளியே வைத்திருக்கும் சமூகம் அவளுடைய பிழைப்பை மட்டுமா கெடுக்கிறது? காதலையும் சேர்த்தே கெடுக்கிறது. கருத்தாக அவர் சொல்வதைவிட, மின்னலில் ஏணியேறும் இரண்டு பேராக அவர் காட்டுவது இன்னும் வலிமையானது.

இனி நாவலின் ஓட்டைகள்.

கதைசொல்லிக்குப் பெண்களைப் பற்றிப் பொதுவிதி சொல்லாமல் இருக்க முடிவதில்லை. பாத்ஷீபா ஒன்றைச் செய்தால் உடனே பெண்கள் எல்லாரும் இப்படித்தான் என்று ஒரு வாக்கியம் வந்து உட்காரும். ஆணின் பிழை அவனோடு நின்றுவிடுகிறது; பெண்ணின் பிழை இனத்தின் குணமாகிறது. இத்தனைக்கும் அவளே போல்ட்வுட்டிடம், மொழியே பெரும்பாலும் ஆண்கள் தங்கள் உணர்ச்சிக்காக உண்டாக்கிக்கொண்டது, அதில் ஒரு பெண் தன் மனதைச் சொல்வது கடினம் என்கிறாள். பாத்திரத்துக்கு இருக்கும் இந்தத் தெளிவு அவளைப் படைத்த கதைசொல்லிக்கு இல்லை. நாவல் வெளிவந்த ஆண்டே ஹென்றி ஜேம்ஸ் 'தி நேஷன்' இதழில் மதிப்புரை எழுதினார். அவருக்கு பாத்ஷீபா பிடிக்கவே இல்லை. ஆடுகளையும் நாய்களையும் தவிர எதையும் நம்ப முடியவில்லை என்ற அளவுக்குப் போனார். பாத்ஷீபாவைப் பற்றிய அந்தத் தீர்ப்பு அநியாயம். நம்ப முடியாமல் இருப்பது அவள் அல்ல. அவளைப் பற்றி இடையிடையே உபதேசம் செய்யும் அந்தக் குரல்தான்.

அடுத்தது பிரிவுக் காலக் கணக்கு. இவ்வகைக் கதையில் இடைப்பட்ட காலம் இருவரையும் உரசிப் பார்க்க வேண்டும். இங்கே ஓக் முதல் அத்தியாயத்திலேயே கிட்டத்தட்ட முழுமையானவன். மந்தையை இழந்து அமைதி பெறுவதோடு அவன் பாடம் முடிந்துவிடுகிறது. மீதிப் பாடம் எல்லாம் அவளுக்கு. கணவனின் துரோகம், அவனுடைய இறந்த காதலியின் சவப்பெட்டியைத் தன் கையாலேயே திறந்து பார்க்கும் இரவு, கண்முன்னே போல்ட்வுட் ட்ராயைச் சுட்டுக் கொல்வது என்று அடி மேல் அடி. அடக்குகிறவன் வேண்டும் என்று அவள் இளமையில் சொன்னதை ஆண் செய்யவில்லை, கதையே செய்கிறது. ஓக் காத்திருந்த அத்தனை காலமும் அவனுக்குப் பெருமை. அவள் வாழ்ந்த அதே காலம் அவளுக்குத் தண்டனை.

ஃபேனி ராபின் விஷயம் இதைவிட வலிக்கிறது. அவள் பாத்ஷீபாவின் பண்ணையில் வேலை பார்த்த பெண். ட்ராயைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தவள், ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்துக்குப் பதிலாக ஆல் சோல்ஸ் தேவாலயத்துக்குப் போய்விடுகிறாள். அரை மணி நேரத் தாமதம். காத்திருந்து அவமானப்பட்ட ட்ராய் இன்னொரு நாள் குறிக்க மறுக்கிறான். கடைசியில் நிறைமாதக் கர்ப்பிணியாக, இரண்டு கம்புகளை ஊன்றுகோலாக்கி, பிறகு ஒரு தெருநாயின் மேல் சாய்ந்தபடி காஸ்டர்பிரிட்ஜ் ஏழைகள் விடுதிக்கு நடந்து சேர்ந்து அங்கே இறக்கிறாள். ஹார்டி எழுதிய மிகச் சிறந்த பக்கங்களில் அந்த நடையும் ஒன்று. மறுவாய்ப்பு பண்ணை முதலாளிக்குக் கிடைக்கிறது. வேலைக்காரிக்கு அரை மணி நேரத் தாமதத்துக்குக்கூட மன்னிப்பு இல்லை. இதை நாவல் காட்டுகிறது. ஆனால் தன் காதல் கதையின் மேல் விழும் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் கடந்துபோகிறது.

இதழ் வெளியீட்டின் நெருக்கடியும் இதில் உண்டு. 'கார்ன்ஹில் மேகசின்' இதழில் 1874 முழுக்கத் தொடராக வந்த கதை இது. ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன், பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை என்றும் அறியப்பட்டவர். ஃபேனியின் கதையைப் பட்டும் படாமலும் சொல்லுங்கள் என்று ஹார்டிக்கு எழுதினார். குடும்ப வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம். அதே தொடருக்குப் படம் வரைந்தவர் ஹெலன் பேட்டர்சன் என்ற இளம் பெண். ஓவியத் தொழிலில் பெண்கள் அபூர்வமாக இருந்த காலம். கிராமத்துச் சட்டை, மேய்ப்பனின் கொக்கித்தடி, போர்களைத் தாங்கும் கல்கால்கள் போன்றவற்றின் மாதிரிப் படங்களைத் தருவதாக ஹார்டி சொல்லியனுப்பினார். பேட்டர்சன் பின்னர் ஹெலன் ஆலிங்ஹாம் என்ற பெயரில் புகழ்பெற்று, 1890இல் அரச நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் முழு உறுப்பினரான முதல் பெண் ஆனார். ஒரு பெண் தொழில் நடத்தும் கதைக்குத் தொழிலில் காலூன்றிய ஒரு பெண் படம் வரைந்தது வரலாற்றின் நல்ல பொருத்தம்.

கணக்கு நோட்டு விஷயத்துக்குச் சட்டம் தெரிந்தாக வேண்டும். பழைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணம் ஆனதும் பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவள் உழைத்துச் சம்பாதித்ததையும் வேறு சிலவற்றையும் மட்டும் அவளுக்கு விட்டது; சொத்து முழுவதையும் மனைவி தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ட்ராய் ஒரே மாதத்தில் நூறு பவுனுக்கு மேல் குதிரைப் பந்தயத்தில் தொலைக்கிறான். பாத்ஷீபா கெஞ்சுகிறாள், தடுக்க முடியவில்லை. அவன் கடலில் மூழ்கிவிட்டான் என்ற தவறான செய்தி வந்த பிறகும், கல்யாணம் தன் குத்தகை உரிமையை என்ன செய்திருக்கிறது என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. வாடகை நாளில் பணம் கட்டாவிட்டால் வெளியேற வேண்டியதுதான் என்பது மட்டும் நிச்சயம். காதலிக்கும் ஆணைத் தேர்ந்தெடுப்பது அன்றைய பெண்ணுக்கு மனதின் விஷயம் மட்டும் அல்ல, களஞ்சியச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற விஷயமும்கூட. காதல் தவறை ஹார்டி ஏன் இவ்வளவு பயங்கரமாக்கினார் என்பதற்கு இது ஓரளவு நியாயம் செய்கிறது.

முழு நியாயம் செய்யவில்லை. ட்ராய் காணாமல் போனபின் மனம் தளர்ந்த பாத்ஷீபா, காரியஸ்தரே வேண்டாம் என்று சொன்னவள், ஓக்கைக் காரியஸ்தனாக்குகிறாள். போல்ட்வுட்டின் பண்ணையும் அவன் மேற்பார்வைக்கு வருகிறது. திடமான குதிரையேறி ஏறத்தாழ 2000 ஏக்கரைத் தினமும் சுற்றிவருகிறான். கடைசியில் அவன் கலிஃபோர்னியா போகப்போவதாகச் சொல்கிறான். வேலையைவிட்டு விலகுவதாகக் கடிதமும் வருகிறது. அவள் தானே அவன் குடிசைக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். பேச்சு விலகல் கடிதத்தில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிகிறது. அதன்பின் இருவரும் குன்றேறி நடக்கிறார்கள். உணர்ச்சியைப் பற்றி அதிகம் பேசவில்லை, பக்கத்துப் பண்ணையைத் தான் எடுக்கப்போகும் குத்தகை விவரங்களை அவன் விளக்கிக்கொண்டே வருகிறான். காதல் வசனத்தின் இடத்தில் குத்தகை விவரத்தை வைத்தது அற்புதமான துணிச்சல். ஆனால் விளக்குபவன் அவன், கேட்டுக்கொண்டு வருபவள் அவள். கூலி மேசையில் காசு எண்ணிய பெண், சந்தையில் விலை இறங்காத பெண், இந்த நடையில் எங்கே?

இதோடு ஒப்பிட ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நல்ல உரைகல். ஆஸ்டின் இறந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்தது. 19 வயதில் பிறர் பேச்சைக் கேட்டு நிச்சயதார்த்தத்தை முறித்த ஆன் எலியட், 27 வயதில் அதே வென்ட்வொர்த்தைக் கடற்படைக் கேப்டனாக மறுபடி சந்திக்கிறாள். பிரிவுக் காலம் இங்கே ஆணையும் மாற்றுகிறது. தன் வீம்புதான் இத்தனை ஆண்டுகளை வீணாக்கியது என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த அம்சத்தில் ஆஸ்டின், ஹார்டியைவிட நேர்மையானவர். லைம் ஊரின் கடற்சுவரிலிருந்து லூயிசா என்ற இளம்பெண் விழும்போது போர்க்கப்பல் கேப்டன்கள் கைபிசைந்து நிற்க, மருத்துவரைக் கூப்பிடச் சொல்லி ஒழுங்குபடுத்துவது ஆன்தான். ஆனால் அவளுக்கு என்று ஒரு தொழில் இல்லை; அந்தத் திறமைக்கு விபத்து ஒன்று தேவைப்படுகிறது.

கப்பல் வாழ்க்கையை உண்மையில் வாழ்ந்தவள் அந்த நாவலின் துணைப் பாத்திரமான திருமதி கிராஃப்ட்: அட்லாண்டிக்கை நான்கு முறை கடந்தவள், கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் போய்வந்தவள், பெண்களைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்னும் தம்பி வென்ட்வொர்த்தை வாதத்தில் மடக்குபவள். ஆஸ்டினுக்கு இது வெறும் கற்பனை அல்ல. அவர் சகோதரர்கள் இருவர் கடற்படையில் இருந்தார்கள். அவர்களில் சார்லஸின் மனைவி நமூர் என்ற போர்க்கப்பலிலேயே குடித்தனம் நடத்தி 1814இல் அங்கேயே இறந்தார். திருமதி கிராஃப்டை நாயகியாக வைத்து ஆஸ்டின் ஒரு நாவல் எழுதியிருந்தால் இந்த வகையின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படம், 1940. ஹெக்டும் மக்கார்த்தரும் 1928இல் எழுதிய 'தி ஃப்ரன்ட் பேஜ்' நாடகத்தில் ஹில்டி ஜான்சன் ஓர் ஆண் நிருபர். ஹாக்ஸ் அந்த வேடத்தைப் பெண்ணாக்கி ரோசலின்ட் ரஸ்ஸலுக்குக் கொடுத்தார். ஆசிரியர் வால்டர் பர்ன்ஸ், அவளுடைய முன்னாள் கணவர் ஆனார். நிருபர்கள் அறையில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் அவளைத் தங்களைவிடத் தேர்ந்தவள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். காதல் திரும்பும்போது வேலையும் அவளிடமே திரும்புகிறது. ஹார்டியால் கொடுக்க முடியாததை இந்தப் படம் கொடுக்கிறது. ஆனால் வால்டர் ஓர் அங்குலம்கூட மாறுவதில்லை. பொய்யும் சூழ்ச்சியுமாக அவளைத் திரும்பப் பிடிக்கிறார். தேனிலவு போகும் வழியிலேயே வேலைநிறுத்தச் செய்தி சேகரிக்க வேண்டும் என்கிறார். அவர் முன்னே நடக்க, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னே ஓடுகிறாள். பிரிந்ததற்கு இருந்த காரணம் எதுவும் தீரவில்லை என்பதைப் படம் நகைச்சுவையின் வேகத்தில் மறைத்துவிடுகிறது.

ஹார்டியின் நாவல் திரைக்குப் பலமுறை வந்திருக்கிறது. 2015இல் தாமஸ் வின்டர்பெர்க் இயக்கத்தில் கேரி மல்லிகன் பாத்ஷீபாவாக நடித்தார். இந்தப் பாத்ஷீபா இன்றைய பார்வையாளருக்கு ஏற்றவள். கதைசொல்லியின் உபதேசம் அவள்மேல் இல்லை, அது பெரிய லாபம். முடிவில் அமெரிக்காவுக்குக் கிளம்பி நடக்கும் ஓக்கை அவள் குதிரையில் விரைந்து எட்டிப் பிடிக்கிறாள். பேசுகிறார்கள், முத்தமிடுகிறார்கள், ஒன்றாகத் திரும்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் விலகல் கடிதமும் குத்தகைப் பேச்சும் போய்விட்டன. நாவலில் அந்தப் பேச்சு சமமாக இல்லாவிட்டாலும், இரண்டு விவசாயிகள் ஒரு நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். படத்தில் இரண்டு காதலர்கள் மட்டும் போகிறார்கள். கதையைத் திருத்த வேண்டிய இடம் அதுதான்: குத்தகை விவரத்தை விளக்குபவளாக அவளை ஆக்கியிருக்கலாம், அவள் கேட்கும் கடினமான கேள்விகளுக்கு அவனைத் திணறவிட்டிருக்கலாம். வின்டர்பெர்க் அந்த உரையாடலையே வெட்டிவிட்டார்.